நெட் ஏன் நிக்கி? இணைய நெரிசல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் தொடங்கி பாளையங்கோட்டை வரை ஆற்றங்கரை ஊர்களில் ஃபைபர் இழுப்பதும் ரூட்டர் மாட்டுவதும் என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதலில் வருபவை வீட்டுக்காரர்கள் கேட்டவை. பிந்தியவை கேபிள் ஆபரேட்டர்களிடம் வேலை பார்க்கும் தம்பிகளும் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளும் கேட்டவை. பிந்திய பதில்கள் முந்தியவற்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அண்ணாச்சி, 100 எம்பி பிளான் போட்டிருக்கேன். அப்புறமும் வீடியோ கால் ஏன் நிக்கி?

வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு நொடியில் எவ்வளவு போகும் என்பது வேகம். தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், அதைப் பாக்கெட் என்பார்கள். ஒரு பாக்கெட் கிளம்பிப் போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தாமதம். வீடியோ காலுக்கு 2, 3 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அதற்கு வேண்டியது பாக்கெட்டுகள் தாமதமில்லாமல், ஒரே சீராக வந்து சேர்வது.

முக்கூடலில் ஒரு வீடு. மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது டீச்சர் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் கம்பெனி சொன்ன 100 அப்படியே வருகிறது. தாமதத்தை அளக்கும் பிங் சோதனையை ஓடவிட்டுப் பார்த்தேன், 20 மில்லி செகண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பலாம் என்று பையை எடுக்கிறேன், அவள் அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறான். அவன் போன் வைஃபையில் ஒட்டியதும் கல்யாண வீட்டுப் போட்டோக்கள் தானாக மேலே ஏற ஆரம்பித்தன. பிங் 20-லிருந்து 200, 500 என்று ஏறி 800-ஐத் தாண்டியது. வகுப்பும் நின்றது. அந்த பிளானில் டவுன்லோடு 100 என்றாலும் அப்லோடு 10 எம்பிபிஎஸ்தான். அந்தச் சின்ன வழியில் போட்டோக்கள் முண்டியடிக்க, டீச்சருக்கு அந்தப் பிள்ளை சொல்ல வேண்டிய பதில் பின்னால் வரிசையில் நின்றது.

வயர்ல எங்க போய் நெரிசல் வரும்? அது ரோடா என்ன?

வயரில் நெரிசல் வராது. அகலமான வழி ஒடுக்கமான வழியில் சேர்கிற முனையில்தான் வரும். சாயங்காலம் டவுனில் வாகையடி முக்கில் நின்று பாருங்கள். ரதவீதியின் நடுவில் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நிற்பது முக்கில். இணையத்தில் அந்த முக்கு ரூட்டரின் நினைவகத்தில் இருக்கிறது. அதை பஃபர் என்பார்கள். வெளியே போக முடிகிறதைவிட உள்ளே அதிகம் வந்தால் மிச்சம் அங்கே வரிசை கட்டும்.

உங்கள் போனுக்கும் சென்னையில் இருக்கும் சர்வருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் வரிசை நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், எது எல்லாவற்றிலும் ஒடுக்கமோ அங்கே. பின்னால் ரூட்டரைச் சரிசெய்கிற கேள்வியில் இது திரும்ப வரும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசைக்கு இடம் நிறைய இருந்தா நல்லதுதானே? பாக்கெட் கீழ விழாதுல்லா?

தயாரிப்பாளர்களும் பல வருடம் அப்படித்தான் நினைத்தார்கள். நினைவகம் மலிவானதும் ரூட்டர்களில் பெரிய பெரிய பஃபர்களை வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கூடல் வீட்டின் அப்லோடு 10 எம்பிபிஎஸ். பெட்டிக்குள் 1 மெகாபைட் பஃபர் நிரம்பியிருந்தால் அது 8 மெகாபிட். அது வடிய 0.8 நொடி, அதாவது 800 மில்லி செகண்டு. நான் பிங்கில் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2010-ல் தன் வீட்டு இணைப்பில் தாமதம் ஏறுவதைக் கண்டு, தோண்டித் துருவி வெளியே கொண்டுவந்தார். பஃபரே வேண்டாம் என்று சொல்லவில்லை. திடீரென்று பத்து பாக்கெட் சேர்ந்து வந்தால் தாங்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணையில் குடித்தனம் நடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போ யாரு வேகத்தைக் குறைக்கணும்? ரூட்டரா, போனா?

குறைப்பது அனுப்புகிறவர் வேலை. வேகத்தைக் கையில் வைத்திருப்பது உங்கள் போனும் அந்தப் பக்கத்து சர்வரும்தான். நடுவில் இருக்கும் ரூட்டர் வந்ததைத் தள்ளிவிடும், முடியாவிட்டால் கீழே போடும்.

இந்தப் பாடத்தை உலகம் படித்தது 1986 அக்டோபரில். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே தூரம் வெறும் 400 கெஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பு திடீரென்று நொடிக்கு 40 பிட்டுக்கு இறங்கியது. பதில் வரவில்லை என்று ஒவ்வொரு கணினியும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப, அந்த நகல்களே வழியை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதை ஆராய்ந்து 1988-ல் வைத்தியத்தை வெளியிட்டார்கள். பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைப் பாதியாக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற நெறிமுறை இன்றைக்கும் பெரும்பாலும் நடப்பது இந்த வழியில்தான். லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக வரும் கியூபிக் முறை மட்டும் பாதிக்குப் பதில் 70 சதவீதத்துக்கு இறக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. பாக்கெட் தொலையும்வரை அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரியாது. பெரிய பஃபர் இருந்தால் அது முழுக்க நிரம்பி வழிந்த பிறகுதான் பாக்கெட் தொலையும். சேதி போய்ச் சேர்வதற்குள் வீடியோ கால் நின்றுவிடுகிறது.

அப்படின்னா ரூட்டர் சும்மா பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதானா?

இல்லை. வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பது ரூட்டர்தான், அதற்குத்தான் முதலில் தெரியும். நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒன்றிரண்டு பாக்கெட்டை வேண்டுமென்றே கீழே போட்டால், அனுப்புகிறவர் அப்போதே தணிந்துவிடுவார். 1993-ல் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்த ரெட் என்ற முறை இதுதான். வரிசையின் சராசரி நீளம் ஏற ஏற, குலுக்கல் முறையில் பாக்கெட்டுகளைக் கழிக்கும். யோசனை அருமையானது. ஆனால் எந்த நீளத்தில் தொடங்குவது, எவ்வளவு கழிப்பது என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகத் திருக வேண்டியிருந்ததால் நிறையப் பேர் அதை அணைத்தே வைத்தார்கள்.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்ற முறையைக் கொடுத்தார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிக அழகான வேலை அது. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்றுதான் பார்க்கிறது. அல்வா கடை வாசலில் முப்பது பேர் நிற்கலாம். கை வேகமாக ஓடினால் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும், அது நல்ல வரிசை. எந்நேரமும் கலையாமல் நிற்பது கெட்ட வரிசை. 100 மில்லி செகண்டு முழுக்க ஒரு பாக்கெட்கூட 5 மில்லி செகண்டுக்குள் வெளியேறவில்லை என்றால் வரிசை தேங்கிவிட்டது என்று கோடல் முடிவு செய்யும். ஒரு பாக்கெட்டைக் கீழே போடும். அப்படியும் தணியாவிட்டால் இன்னும் சீக்கிரம் சீக்கிரமாகப் போடும். வழக்கமான இணைப்பில் யாரும் எதையும் திருக வேண்டியதில்லை.

கீழ போட்டுத்தான் சொல்லணுமா? பாவம், நல்ல பாக்கெட்டை ஏன் வீணாக்கணும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பிள்ளை கேட்டாள். பதிலை ஒரு கதையாகச் சொன்னேன்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டைகள் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போகின்றன என்று வையுங்கள். நடுவே ஆலங்குளத்தில் வண்டி மாற்றும் ஷெட்டில் மூட்டை தேங்குகிறது. ஷெட்காரர் ஒரு மூட்டையைத் தெருவில் எறியலாம். மார்க்கெட்டில் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்று புளியங்குடிக்குப் போன் போடுவார்கள். அனுப்பியவர் இன்னொரு மூட்டை அனுப்ப வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஷெட்காரர் மூட்டையின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டால்? மூட்டை பத்திரமாகப் போகும். மார்க்கெட்காரர் கோட்டைப் பார்த்து, “ஆலங்குளத்துல தேங்குது, கொஞ்சம் மெதுவா அனுப்புங்க அண்ணாச்சி” என்று சொல்வார். சேதியும் போனது, சரக்கும் வந்தது.

இசிஎன் என்பது இந்தச் சாக்கட்டிக் கோடுதான். 2001-ல் கே. கே. ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்டு, டேவிட் பிளாக் மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 3168 இதன் விதி. (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசை.) ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் 1980-களின் கடைசியிலேயே டெக்பிட் என்ற பெயரில் இதற்கு முன்னோடியைச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் இதற்கென்று இரண்டு பிட் உண்டு. 00 என்றால் எனக்குக் கோடு புரியாது. 10 அல்லது 01 என்றால் புரியும். நெரிசல் பட்ட ரூட்டர் அதை 11 ஆக்கிவிடும். பெறுகிறவர் 11-ஐப் பார்த்தால் தன் பதில்களில் இசிஇ என்ற கொடியை ஏற்றி அனுப்புவார். அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிட்டு, குறைத்தேன் என்று சொல்ல சிடபிள்யூஆர் கொடியை ஏற்றுவார். அதைக் காணும்வரை பெறுகிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ரூட்டரே நேரா அனுப்புறவனுக்குச் சொல்லிட்டா என்ன? எதுக்கு மார்க்கெட் வரை சுத்திக்கிட்டு?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1981-ன் ஆர்எஃப்சி 792-ல் சோர்ஸ் குவென்ச் என்ற சேதி இருந்தது. ரூட்டர் நேரடியாக அனுப்புகிறவருக்கு, மெதுவாக அனுப்பு என்று எழுதும். ஏற்கெனவே நெரிசலில் இருக்கிற வலையில் அந்தச் சேதிகளே புதுச் சுமை. போதாததற்கு, வழியில் இல்லாத எவனோ ஒருவன் பொய்யாக ஒன்று அனுப்பி உங்கள் வேகத்தைக் கெடுக்கலாம். 2012-ல் அதை முறைப்படி கைவிட்டார்கள். சாக்கட்டிக் கோட்டுக்குத் தனி வண்டி வேண்டாம், போகிற மூட்டையிலேயே போகும்.

இதுக்கு எங்க போன் ஒத்துக்கணுமா? இல்ல ரூட்டர்ல போட்டா போதுமா?

மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு தொடங்கும்போதே போன், எனக்கு இசிஎன் தெரியும் என்று கொடி காட்டும். சர்வரும் சரி என்று பதில் கொடி காட்டினால்தான் 10 என்ற அடையாளத்தோடு பாக்கெட்டுகள் கிளம்பும். இரண்டில் ஒருவருக்குத் தெரியாவிட்டால் 00 என்று போகும். ரூட்டர் பழையபடி கீழே போட்டுத்தான் சொல்லும். நடுவில் உள்ள ரூட்டரில் கோடலோ ரெட்டோ அதுபோல் ஒன்றோ ஓடாவிட்டால், இரண்டு முனையும் ஒத்துக்கொண்டும் பயனில்லை. கோடு போட ஆளில்லை.

லினக்ஸ் சர்வர்கள் இயல்பாக, யாராவது கேட்டால் சரி என்று சொல்லும், தானாகக் கேட்காது. இரண்டு பக்கமும் கேட்காமலே இருந்ததால் பல வருடம் இது தூங்கியது. 2015-ல் ஆப்பிள் தன் போன்களிலும் கணினிகளிலும் கேட்க ஆரம்பித்தது பெரிய திருப்பம்.

ஒருத்தன் கோட்டைப் பாத்துட்டும் வேகத்தைக் குறைக்கலைன்னா? மத்தவன் எல்லாம் ஏமாளியா?

இந்தப் பயம் நியாயமானது. கீழே போட்டால் ஏமாற்றுகிறவனுக்கும் நஷ்டம். கோடு போட்டால் அவனுக்குச் சரக்கு முழுசாகக் கிடைக்கிறது, குறைக்காமலும் இருந்துவிடலாம். அதனால் கோடு போட்டும் தணியாமல் வரிசை எல்லை மீறினால், இசிஎன் தெரியும் என்று சொன்ன பாக்கெட்டையும் ரூட்டர் கீழே போட வேண்டும் என்று ஆர்எஃப்சி 3168-லேயே சொல்லியிருக்கிறார்கள்.

அதைவிடப் பலமான காவல் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. பாளையங்கால்வாயில் தலைமடைக்காரர் பிசான நெல் சாகுபடி நேரத்தில் தன் மடையை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் கடைமடை காய்ந்துபோகும். அவரவர் மனச்சாட்சியை மட்டும் நம்பி யாரும் விடுவதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். எஃப்க்யூ-கோடல் ரூட்டரில் அதைத்தான் செய்கிறது. 2018-ல் ஆர்எஃப்சி 8290 ஆக வந்தது. இயல்பாக 1,024 தனி வரிசைகள். ஒவ்வொரு இணைப்பும் தன் வரிசையில் விழும். முறை வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். அடங்காதவன் தன் வரிசையைத்தான் நீட்டிக்கொள்வான், அடுத்தவர் முறையைத் தொட முடியாது. எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்புகிற இணைப்பு காத்திருக்காமல் முன்னால் போய்விடும். முக்கூடல் பிள்ளையின் வகுப்பு இதில்தான் பிழைத்தது.

நடுவுல உள்ள பழைய பெட்டி கோட்டையே அழிச்சிட்டா?

அழிக்கும் பெட்டிகள் உண்டு. ஆரம்ப நாட்களில் இன்னும் மோசம். இசிஎன் கொடியோடு வரும் முதல் பாக்கெட்டையே சில ஃபயர்வால்கள் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போட்டன. அந்தத் தளம் திறக்கவே திறக்காது. அதனால்தான் கொடியோடு கேட்டுப் பதில் வராவிட்டால், கொடியில்லாமல் மறுபடி கேள் என்ற ஏற்பாடு. தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாக்கெட்டின் பழைய டிஓஎஸ் பைட்டை முழுசாகப் பூஜ்ஜியமாக்கும் விதி உங்கள் பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பைட்டின் கடைசி இரண்டு பிட்தான் இந்தக் கோடு.

யூடியூப், வாட்சப் கால் எல்லாம் யூடிபில போகுதே. அதுக்கு டிசிபி கதை எதுக்கு?

யூடிபி என்பது டிசிபிக்குப் பதிலாகப் பாக்கெட்டைச் சுமக்கும் வெறும் வண்டி. வேகக் கட்டுப்பாடு அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. யூடியூப் பயன்படுத்தும் குவிக் நெறிமுறைக்கு 2021-ல் ஆர்எஃப்சி 9000 வந்தது. அதிலும் நெரிசலைக் கண்டு தணியும் முறை உண்டு. எத்தனை பாக்கெட்டில் கோடு இருந்தது என்று எண்ணிக்கையாகவே திருப்பிச் சொல்லும் வசதியும் உண்டு. கால் செயலிகளும் தாமதம் ஏறினால் படத்தின் தரத்தை இறக்கிக்கொள்ளும். முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான்.

எல்4எஸ்-னு புதுசா ஒண்ணு சொல்லுதாவளே, அதுல என்ன விசேஷம்?

பழைய விதிப்படி ஒரு கோட்டைக் கண்டால் ஒரு பாக்கெட் தொலைந்ததைப் போலவே நடக்க வேண்டும், அதாவது ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது வழி காலியாகிவிடக் கூடாதே என்று ரூட்டர் கோடு போடத் தயங்கும், கொஞ்சம் வரிசையை வைத்துக்கொண்டே இருக்கும். தரவு மையங்களுக்காக 2010-ல் வந்த டிசிடிசிபி இதை மாற்றியது. ரூட்டர் சீக்கிரமே, அடிக்கடி கோடு போடட்டும். நூறில் எத்தனைக்குக் கோடு விழுந்ததோ அந்த அளவுக்கு மட்டும் அனுப்புகிறவர் குறைக்கட்டும். சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுத் தொடுவோமே, அப்படி.

அதைப் பொது இணையத்துக்குக் கொண்டுவருவது எல்4எஸ். 2023 ஜனவரியில் ஆர்எஃப்சி 9330, 9331, 9332 என்று மூன்றாக வந்தது. வரிசைத் தாமதத்தை ஒரு மில்லி செகண்டு அளவுக்கு இறக்குவது குறிக்கோள். மேலே சொன்ன இரண்டு பிட்டில் 01 இவர்களுக்கு அடையாளம். மெதுவாகத் தொடுகிறவரையும் ஒரே வெட்டாக வெட்டுகிறவரையும் ஒரே வரிசையில் விட்டால், வெட்டுகிறவர் ஒதுங்கி ஒதுங்கித் தோற்பார். அதனால் ரூட்டரில் இரண்டு வரிசை வைத்து, இருவருக்கும் நியாயமான பங்கு வரும்படி கோடுகளைச் சமன் செய்கிறார்கள். ஒரே வரிசையில் பழைய இசிஎன் ஓடும் ரூட்டர்கள் வழியில் இருந்தால் என்ன ஆகும் என்ற விவாதம்தான் இதை வருடக்கணக்கில் இழுத்தது. அந்தக் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

கதை எல்லாம் சரி அண்ணாச்சி, என் வீட்டுல நாளைக்குக் காலைல என்ன செய்யணும்?

முதலில் அளந்து பாருங்கள். வீட்டில் எல்லாரும் சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் பிங். பிறகு ஒரு பெரிய வீடியோவை அப்லோடு போட்டுவிட்டு மறுபடி ஒரு நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 20, 30 மில்லி செகண்டு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நூற்றுக்கணக்கில் ஏறினால் உங்கள் பிரச்சினை வேகம் இல்லை. பெரிய பிளானுக்குக் காசு கட்டாதீர்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரூட்டர் மென்பொருளைப் போட முடிகிற ரூட்டர் இருந்தால் அதில் எஸ்க்யூஎம் என்ற பகுதியை நிறுவி, எஃப்க்யூ-கோடலையோ அதிலிருந்து வளர்ந்த கேக் என்ற முறையையோ தேர்ந்தெடுங்கள். வேகத்தை, அளந்ததில் 90 சதவீதம் என்று கொடுங்கள். அப்லோடு 10 வந்தால் 9. காசு கொடுத்த வேகத்தை ஏன் விட வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒடுக்கமான இடத்தில்தான் வரிசை நிற்கும் என்று இரண்டாம் கேள்வியில் சொன்னேன். கம்பெனிப் பெட்டியைவிட உங்கள் ரூட்டர் ஒரு நூல் ஒடுக்கமாக இருந்தால்தான் வரிசை உங்கள் ரூட்டருக்குள் வரும். கோடு போடத் தெரிந்தது அதுதான். முக்கூடலில் 9 வைத்தபின் அண்ணன் போட்டோ ஏற்றும்போதே பிங் 30-ஐத் தாண்டவில்லை.

எங்க தெருவுல ராத்திரி ஆனா எல்லார் வீட்டுலயும் நெட் போகுது. என் ரூட்டரை மாத்தினா சரியாகுமா?

ஆகாது. அது உங்கள் வீட்டு வரிசை இல்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும் ஜிபான் ஃபைபரில், ஒரு இழையின் 2.5 ஜிபிபிஎஸ் அளவை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கும் மேலே ஆபரேட்டர் வெளியே வாங்கி வைத்திருக்கும் இணைப்பு அதைவிட ஒடுக்கமாக இருக்கலாம். வரிசை அங்கே நிற்கும்போது உங்கள் வீட்டுப் பெட்டி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதன் கைக்கு எட்டாது.

சண்டை போடாமல் ஆபரேட்டரிடம் ஒரு தாளோடு போங்கள். மூன்று நாள், சாயங்காலம் 4 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும், யாரும் எதுவும் அப்லோடு போடாத நேரத்தில் எடுத்த பிங் எண்கள். 9 மணிக்கு மட்டும் ஏறியிருந்தால் வரிசை அவர் பக்கம் என்பதை அந்தத் தாளே சொல்லும். வாடிக்கையாளர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அவர் பெட்டியில் எஃப்க்யூ-கோடலோ கேக்கோ ஓடுகிறதா, இசிஎன் பிட்டுகளை அழிக்காமல் விடுகிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சின்ன ஆபரேட்டர்களுக்கென்று லிப்ரேகியூஓஎஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. தாளைப் பார்த்துவிட்டு, இதை எப்படிப் போடுவது என்று என்னிடமே கேட்ட ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடி அறையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்துதான் போட்டோம்.